அரியலூர் இன்ஜின்

காலை ஐந்து ஐம்பது. அரியலூர் பஸ் பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குள் வந்து நின்றது. பின்படியில் முதலில் தெரிந்தது ஒரு சாக்கு மூட்டை. அதன் வாய் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூட்டையை அணைத்தபடி இரண்டு கைகள். ஆள் அதற்குப் பின்னால்தான் வந்தார்.

"மெதுவாய்யா, என் கால்ல போட்டுடாத" என்றார் கண்டக்டர். "உள்ள என்ன, ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டின்னா தானா கத்தும்ங்க. இது நான் ஒதைச்சாத்தான் கத்தும்."

மூட்டைக்குள் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின். அதை எதிர்பார்த்து பாய் டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். அவர் அழைத்ததால் நானும் நின்றிருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் ஒரு நாளிதழுக்குப் பெரம்பலூர் செய்தியாளராக இருந்தேன். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் லாரி பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, துறைமங்கலம் பக்கம் சொந்தமாக ஒரு பட்டறை போட்டிருந்தார். வளைகுடாவில் பார்த்த மோட்டார் பந்தயம் அவரை விடவில்லை. திருச்சி, கரூர், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் நடக்கும் மண் தடப் பந்தயங்களுக்கு ஒரு வண்டியை அனுப்ப ஆரம்பித்தார். அதை நாங்கள் 'டீம்' என்று சொன்னோம். டீம் என்பது நாலு பேர். வண்டி பாயுடையது. இன்ஜின் அரியலூர்க்காரருடையது. ஓட்டுகிறவர் அந்த இன்ஜின்காரரின் மகன். ஸ்டாப் வாட்ச் வைத்திருந்ததால் நேரம் குறிக்கிற வேலை எனக்கு வந்தது.

இன்ஜின்காரருக்கு அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொட்டகையில் வெள்ளைத் தூசி படியும். இன்ஜின் பிரிக்கிற மேஜைக்கு மட்டும் ஈரத் துணி போட்டிருப்பார். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களை வாங்கி, அரத்தால் தேய்த்து, பிஸ்டன் மாற்றி, பந்தயத்துக்குத் தகுந்தபடி கட்டுவார். கட்டி முடித்ததும் சாக்கில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவருவார். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ் ஆவது' என்பார்கள். அந்தக் கலவையை அவர்தான் செய்வார். இருமல் டானிக் பாட்டில் ஒன்றில் எண்ணெய் கொண்டுவந்து, கேனில் ஊற்றிக் குலுக்கி, நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் டாங்கில் ஊற்ற விடுவார். இன்னொன்று முதல் உதை. பந்தயத்துக்கு முன்னால் இன்ஜினை அவர்தான் உதைத்துக் கிளப்புவார். எண்ணெய் எரிகிற நீலப் புகை வரும். அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு மகனைப் பார்த்து, "ம், ஏறு" என்பார்.

"அண்ணே, புகையில என்ன எழுதியிருக்கு?" என்று பாய் ஒருமுறை கேட்டார்.

"ஒங்க பேரு எழுதல பாய், கவலப்படாதீங்க."

இப்படி நாலைந்து வருடம் போயிற்று. பெரிய டீம்கள் பரிசு மேடைக்குப் போகும், நாங்கள் அவர்களுக்குப் பின்னால் வருவோம். இரண்டு முறை மூன்றாவதாக வந்தோம். அந்த இரண்டு செய்தியையும் நான் அனுப்பினேன். இரண்டும் வரவில்லை.

அரியலூர் தனி மாவட்டமாகி, சீக்கிரமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்ட சமயத்தில், பந்தயம் நடத்துகிறவர்கள் டூ ஸ்ட்ரோக் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். கடைகளிலும் புதிதாக வருகிற வண்டிகள் எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். திருச்சியில் இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் டீலர் பாயைத் தேடி வந்தார். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் தருகிறேன், உதிரி பாகம் தருகிறேன், பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களும் தருகிறேன், வண்டியிலும் சட்டையிலும் என் கடை பெயர் இருக்க வேண்டும் என்றார். பாய் ஒரு வாரம் யோசித்தார். அவர் யோசித்தது டீலருக்கு என்ன பதில் சொல்வது என்று அல்ல, இன்ஜின்காரரிடம் எப்படிச் சொல்வது என்று.

சொன்ன அன்று நான் பட்டறையில் இருந்தேன். இன்ஜின்காரர் ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே ஒங்க இன்ஜினப் போட்டுட்டுப் போனா உள்ளயே விட மாட்டாங்க."

"தெரியும் பாய். நோட்டீஸ் பாத்தேன்."

"ஒங்களுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் வரும்ல? கத்துக்கிட்டா..."

"வரும். ஆனா அவங்க இன்ஜினப் பிரிக்க அவங்க ஆளு வர்றாங்களே. நான் வந்து என்ன, பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறதா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு மகனைப் பார்த்தார். "இவன ஓட்ட விடுவாங்கள்ல?"

"அல்லாஹ் மேல ஆணையா, ஓட்டறது இவன்தான். அதுல பேச்சே கெடையாது."

"அது போதும்."

மகன் தலையைக் குனிந்துகொண்டு செயினுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தடவிய செயின்.

அதன்பின் இன்ஜின்காரர் பந்தயங்களுக்கு வரவில்லை. டீலரின் இன்ஜின் நன்றாகவே ஓடியது. புகை இல்லை. கேனில் வெறும் பெட்ரோல், அப்படியே டாங்கில் ஊற்ற வேண்டியதுதான். மகன் பழகிக்கொண்டார். எங்கள் நேரம் குறைந்தது. அது என் ஸ்டாப் வாட்சில் இருந்தது, மறுக்க முடியாது.

இரண்டு சீசன் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. திருச்சிக்கு வெளியே ஒரு பொட்டலில் நடக்கிற பந்தயத்தில் டூ ஸ்ட்ரோக்குக்குக் கடைசியாக ஒரு பிரிவு வைக்கிறார்கள். மகன் அன்று சாயங்காலமே அரியலூர் போய் அப்பாவிடம் இன்ஜின் கேட்டார். இதை எனக்குச் சொன்னது இன்ஜின்காரர்தான். "அவனா வந்து கேட்டான் சார். பாய் சொல்லி அனுப்பல, அவனா வந்தான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பந்தயத்துக்கு முந்தின நாள், பழையபடி சாக்கு மூட்டை பஸ்ஸில் வந்தது. பட்டறையில் பழைய வண்டியின் சட்டத்தில் இன்ஜின்காரர் அதை ஏற்றினார். எண்ணெய் கலந்தார், முதல் உதை கொடுத்தார், பேரளி வரைக்கும் தானே மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பினார். டெம்போவில் ஏற்றுவதற்காக டாங்கில் மிச்சம் இருந்ததை வடித்துவிட்டார்கள். "நாளைக்கு நான் நேரா பஸ்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அரியலூர் போனார்.

மறுநாள் டீலரின் இன்ஜின் போட்ட வண்டியும் வேறு பிரிவில் ஓட இருந்தது. அதனால் வண்டிகளைத் தயார் செய்கிற அடைப்புக்குள் டீலரின் ஆட்கள் ஒரே நிறச் சட்டையில் நின்றிருந்தார்கள். இன்ஜின்காரர் சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சள் துணிப்பை வைத்திருந்தார். மூங்கில் வேலிக்கு வெளியே பார்வையாளர்களோடு நின்றுகொண்டார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"வேணாம் சார். அவங்க ஆளுங்க நிக்கற எடத்துல நான் போயி எதுக்கு. தேவைன்னா கூப்பிடுவாங்கள்ல, வரேன்."

கூப்பிடுவார்கள் என்று அவர் காத்திருந்தார். பிரிவுகளின் வரிசையைத் திடீரென்று மாற்றி, டூ ஸ்ட்ரோக்கை முன்னால் அழைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கி கத்தியது. பாய் டீலரோடு எங்கோ நின்றிருந்தார். மகன் நிரம்பியிருந்த கேனை எடுத்து டாங்கில் ஊற்றினார். முந்தின நாள் அப்பா பட்டறையில் இருந்தவர், கலந்துதான் வைத்திருப்பார் என்று நினைத்தார். அத்தனை வருடமாகக் கலக்குகிற வேலை மகனுடையது அல்ல. அந்தக் கேன் டீலரின் வண்டிக்காக நிரப்பியது, வெறும் பெட்ரோல். மகன் தானே உதைத்துக் கிளப்பிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்குப் போனார்.

கொடி விழுவதற்குச் சற்று முன்னால் வேலிப் பக்கம் பார்த்தேன். இன்ஜின்காரர் கை இரண்டையும் தூக்கி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். ஒரு கையில் பாட்டில் இருந்தது. பன்னிரண்டு வண்டிகளின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அங்கே வந்து சேர்ந்த பாய், "அண்ணனப் பாருங்க சார், புள்ள ஓட்டறதப் பாத்ததும் எளவட்டமாயிட்டாரு" என்று சிரித்தார். மற்ற வண்டிகள் எல்லாவற்றின் பின்னாலும் நீலப் புகை இருந்தது. எங்கள் வண்டிக்குப் பின்னால் இல்லை.

முதல் இரண்டு சுற்றில் மகன் முன்னால் இருந்தார். எங்கள் வண்டி முன்னால் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாய் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான்காவது சுற்றில், நேர்ப் பாதையின் முடிவில், பின்சக்கரம் அப்படியே நின்றது. வண்டி குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த வண்டி மகனின் வலது முழங்காலில் ஏறியது.

மகனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இன்ஜின்காரர் முதல் முறையாக அடைப்புக்குள் வந்தார். டீலரின் ஆள் ஒருவர், "டூ ஸ்ட்ரோக்கு இப்படித்தாங்க, நம்ப முடியாது" என்றார். இன்ஜின்காரர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். டாங்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார். இன்ஜினை அங்கேயே கழற்றித் தரச் சொல்லி, சாக்கில் போட்டுக் கட்டினார்.

"நாம பட்டறையில பிரிச்சிப் பாப்போம்ணே" என்றார் பாய்.

"வேணாம் பாய். நானே பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மஞ்சள் பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு துண்டு, ஒரு வாழைப்பழம், டானிக் பாட்டில். பாட்டிலில் எண்ணெய் கழுத்துவரை இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முழங்காலில் தகடு வைத்திருக்கிறோம், நடக்கலாம், வண்டி ஓட்டுகிற வேலை இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மகன் பேசுகிற நிலைக்கு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியின்போது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"அப்பா, அந்தக் கேன்ல ஆயில் கலந்துதானே வச்சிருந்த?"

இன்ஜின்காரர் போர்வையைச் சரிசெய்தார். "கலந்துதான்டா வச்சிருந்தேன்."

"அப்பறம் எப்படி சீஸ் ஆச்சு?"

"பிஸ்டன் ரிங்குக்கு எடம் பத்தல. நான் இன்னும் கொஞ்சம் தேச்சிருக்கணும். எம் வேலைலதான் தப்பு."

மகன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"அவங்க இன்ஜின் ரெண்டு வருசமா ஒரு தடவ நிக்கலப்பா. ஒன்ன நம்பித்தானே இதுல ஏறினேன்."

"ஆமாண்டா."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"காலு வலிக்கறப்பல்லாம் யார் மேலயாவது கோவம் வரும் சார். எம் மேல வந்தா நான் தாங்கிக்குவேன். தானே ஊத்துனதுன்னு தெரிஞ்சா அந்தக் கோவத்த எங்க கொண்டுபோயி வப்பான்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "பேப்பர்ல ஏதாச்சும் போட்டுடாதீங்க."

பேப்பரில் போட மாட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான். அந்தப் பந்தயத்துக்கு எங்கள் பேப்பரில் நாலு வரிகூட இடம் இருக்கவில்லை.

பாய் டீலரோடு இன்னும் ஒரு சீசன் நடத்தினார். வேறு ஒருவர் ஓட்டினார். பிறகு டீலருக்குச் சேலத்தில் பெரிய டீம் கிடைத்தது. பாய் வண்டியை விற்றுவிட்டு லாரி வேலையோடு நின்றுகொண்டார். அரியலூர்க் கொட்டகையில் இன்ஜின்காரர் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் ஈரத் துணி இல்லை.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆன ஆண்டு, பெரம்பலூரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்கு விளம்பரம் கேட்டுப் போனேன். மகன் அங்கே விற்பனையில் இருந்தார். வலது காலை நீட்டி வைத்து நிற்பார். வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஒருவர், பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்று மலிவாக வருகிறது, அதை வாங்கலாமா, புதிது எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது வேணாங்க. எங்கப்பாவே டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கட்டறவருதான். இந்தக் காலு அவரு கட்டுன இன்ஜின்ல போனது." வழக்கமாகச் சொல்கிற குரலில் சொன்னார். வந்தவர் காலைப் பார்த்துவிட்டுப் புதிய வண்டியைப் பார்த்தார்.

கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் இன்ஜின்காரர் நின்றிருந்தார். பேரக் குழந்தைக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலம் கையில் இருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மகன் திரும்பிப் பார்த்து, "வாப்பா, உக்காரு" என்றார்.

"இல்லடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இத வூட்டுல குடுத்துடு."

நானும் அவரோடு பஸ் நிலையம் வரை நடந்தேன். வழியில் மழையைப் பற்றிப் பேசினார். அரியலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

"லக்கேஜ் ஏதாச்சும் இருக்காங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

பஸ் பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பியது.