படலைக்கு வெளியே வைத்த போத்தல்

மிட்வைஃப் அக்கா இறந்த செய்தியை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் லோஞ்சுக்காரர்தான் சொன்னார். "விடியக்காலமை மோசம் போயிட்டா. மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தவ." அனலைதீவில் அவர் கையில் பிறந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கொன்ற கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் நான்.

யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். தீவு ஆஸ்பத்திரியில் பெண்களிடம் வெட்டியெடுத்த கட்டிகளை அக்காவே போத்தலில் லோஞ்சில் கொண்டுவந்து இறங்குதுறையில் என்னிடம் தருவார். "கூடைக்குள்ளை என்ன அக்கா, கணவாயோ?" என்று லோஞ்சுக்காரர் சீண்டினால், "போன கிழமை அறுத்த நாக்கு. அவனும் இப்பிடித்தான் கேட்டவன்" என்பார்.

பிறகு அவருடைய மார்பிலேயே தேசிக்காய் அளவில் ஒன்று வந்தது. மூன்று மாதத்தில் மாங்காய் அளவாயிற்று. அவர் பயப்படவில்லை. "புற்றெண்டால் இறுகியிருக்கும். இது உருளுது. கைக்குக் கீழை கமக்கட்டிலையும் ஒண்டுமில்லை."

கரம்பொன்னிலிருந்து தினமும் பஸ்ஸில் போகும் என்னிடம், ஆஸ்பத்திரியில் வெட்டிய தன் கட்டியையும் தந்தார். அன்று எங்கள் கோயிலில் கொடியேற்றம். எனக்குப் பத்து நாள் லீவு. கொடியேறினால் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசற் படலைக்குள் வராது. மனிதச் சதையை எப்படி உள்ளே கொண்டுபோவது? "பத்து நாள்தானே, இருக்கட்டும்" என்றார் அக்கா.

போத்தலைப் படலைக்கு வெளியே, வைக்கோற்போர் நிழலில் வைத்தேன். கட்டி பெரிது, அதைக் கெடாமல் காக்கும் ஃபோமலின் கொஞ்சம். அது கட்டியின் நடுவரை ஊறாது என்பது எனக்குத் தெரியும். திருவிழா முடிந்து திறந்தபோது நடுப்பகுதி அழுகியிருந்தது. கெடாத ஓரத்தில், நுணுக்குக்காட்டியின் கீழ், இலைகள் மடிந்து கிடப்பதுபோல் திசு தெரிந்தது. ஓரத்தில் புற்று இல்லை, நடுவைப் பற்றிச் சொல்ல முடியாது என்று ஆய்வுகூட வைத்தியர் எழுதினார். அக்கா முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தது. இம்முறை அன்றே கொண்டுபோனேன். இலைகளின் நடுவே உயிரணுக்கள் நெருக்கியடித்துப் பெருகிக்கொண்டிருந்தன. இந்த அரிய புற்று பெரும்பாலும் கமக்கட்டைத் தேடுவதில்லை. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். போயிருந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் மார்பை முழுதாக எடுத்திருப்பார்கள்.

சென்ற மாதம் அவரிடம் போத்தல் இருந்த இடத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். சற்று மூச்சு வாங்கினார். "மூடியிலை வைக்கோல் ஒட்டிக் கிடந்ததெண்டு உங்கடை ஆய்வுகூட டொக்டர் அப்பவே சொன்னவர்."

அப்படித் தெரிந்த பிறகும், படுக்கையில் விழும்வரை, தீவுப் பெண்களின் ஒவ்வொரு போத்தலையும் அவர் என் கையிலேதான் தந்தார். எப்போது கொண்டுபோவீர் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேளாமை. அது மன்னிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது.