ஜகார்த்தாவுக்குக் கேட்ட விசில்

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். கோவில்பட்டியிலிருந்து வந்த நான் சுங்குவார்சத்திரத்தில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் புது இயந்திரம் பொருத்த ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. அவரும் நாங்களும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் கேன்டீனில் எந்த நடிகர் பெரியவர் என்று எங்களுக்குள் தகராறு. அந்தப் பொறியாளர் என்ன சண்டை என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என் அப்பாவும் நடிகர்தான். எங்கள் நாட்டில் சினிமா பேச ஆரம்பித்தபோதே நடித்தவர்" என்றார். யாரும் நம்பவில்லை.

பிறகு சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தீவு தீவாகக் கப்பலில் போய் நாடகம் போடும் குழுவில் அவர் அப்பா சிறு வயதிலேயே சேர்ந்திருக்கிறார். திரை இழுக்கும் வேலை. கதாநாயகனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, இவரை மேடையில் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து சினிமா. குதிரைச் சவாரியும் கத்திச்சண்டையும் டூப் இல்லாமல் அவரே செய்வார். பெயர் கிடைத்த நேரத்தில் போர் வந்தது. ஜப்பானியப் படை ஸ்டூடியோக்களை மூடியது. அரிசிக்காக மறுபடியும் நாடகத்துக்குப் போனார். நாடு விடுதலை அடைந்தபின் சினிமா அவரைத் திரும்பக் கூப்பிட்டது, காமெடியனாக.

"அப்பா வருத்தப்படவில்லை. விழத் தெரிந்தவனுக்குச் சினிமாவில் வயசே ஆகாது என்பார்."

போருக்கு முந்தைய படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிந்தையதில் ஒன்றை மட்டும் சிடியாகத் தன்னோடு கொண்டுவந்திருந்தார். இப்போது அதை அங்கேயே யாரும் பார்ப்பதில்லை என்றார்.

"நாங்க பாப்போம் மேடம்" என்றேன்.

எங்கள் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெயம மத்தியானம் கடை சும்மாத்தானே கீது. கொண்டாப்பா, போட்ரலாம்" என்று டிவியை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார்.

அந்த ஞாயிறு அறை நண்பர்களும் தெருவில் போனவர்களும் கடை முன்னால் கூடிவிட்டார்கள். கருப்பு வெள்ளைப் படம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மேடம் அவ்வப்போது கதையைச் சொல்ல, நான் உரக்கத் தமிழில் சொன்னேன். மாமனார் வீட்டு நாய்க்குப் பயந்து அவர் அப்பா தென்னை மரத்தில் ஏறுகிறார். நாய் போனதும் பெருமூச்சு விட்டுக் கையை எடுக்கிறார். நேராகக் குளத்தில் விழுகிறார். தொப்பி மட்டும் மிதக்கிறது. கடை அதிர்ந்தது. விசில் அடங்கவே இல்லை.

மேடம் எழுந்து கைப்பேசியில் வீட்டிலிருந்த அப்பாவோடு பேசினார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். விசில் கேட்கும்படி கைப்பேசியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். டீக்கடைக்காரர் ஓடிவந்து வாங்கினார்.

"தாத்தா! சூப்பரா பண்ணிக்கிறீங்க தாத்தா! இன்னொரு தபா போடப் போறோம்!"

அந்தப் பக்கம் நடுங்கும் குரல் ஏதோ கேட்டது.

"கூட்டம் எவ்வளவு என்கிறார்" என்றார் கைப்பேசியைத் திரும்ப வாங்கிய மேடம். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"ஹவுஸ்புல்னு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

மகள் சொன்னதும் கிழவர் சிரித்தார். உரத்த, நீண்ட சிரிப்பு. முன்வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். படத்தை முதலிலிருந்து மறுபடி போட்டோம். ஓ.டி. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் நின்று பார்த்தார்கள்.