நீர்க்கட்டிக்கு ஒரு மேற்கோள்

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். தமிழால் நான் கெட்டேன் என்று சொல்ல மாட்டேன். என்னால் தமிழ்தான் கொஞ்சம் கெட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவண்ணம். கூட்டமில்லாத மத்தியானங்களில் ஓர் இணைய அகராதிக்கு வேலை செய்வேன். பழைய அச்சுப் புத்தகங்களில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பிடித்து, அந்த வரியை ஆண்டோடும் பக்கத்தோடும் சொல்லுக்குக் கீழே மேற்கோளாகச் சேர்க்க வேண்டும். சம்பளம் கிடையாது. வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்கிறாய் என்பார் என் வீட்டுக்காரர். அவர் மடியில் எந்நேரமும் டிவி ரிமோட் இருப்பதால் ஓணானுக்கு இடமில்லை.

ஒருநாள் அந்த அகராதியில் நீர்க்கட்டி என்று தேடினேன். இருந்தது. ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் தெரியுமே, அந்தக் கட்டி. வேறு பொருள் இல்லை.

என் அப்பா எங்கள் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்காலில் வரும் தண்ணீரை, மதகை ஒட்டிய தலைமடையிலிருந்து வாய்க்கால் முடிகிற கடைமடை வரை, வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சுவது, அறுப்பு முடிந்ததும் களத்தில் போய் அதற்கான நெல்லை வாங்கிக்கொள்வது, இதுதான் அவர் வேலை. அவருடைய அப்பாவுக்கும் இதே வேலை. இத்தனை காலம் ஊருக்குச் சோறு போட்ட வேலை அகராதியில் ஒரு நோயாக மட்டும் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது பொருளை நானே எழுதிச் சேர்த்தேன்.

மறுநாளே மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. அவர் ஏதோ குளிர் தேசத்தில் உட்கார்ந்து தமிழைக் காவல் காக்கிறவர். "அன்புள்ள பங்களிப்பாளரே, இப்பொருளுக்குத் தொடக்ககால அச்சு நூலிலிருந்து மேற்கோள் தேவை. இல்லையேல் நீக்கப்படும்." என் அப்பாவே நீர்க்கட்டிதான், வேண்டுமானால் வீடியோ காலில் காட்டுகிறேன் என்று பதில் போட்டேன். "வாய்மொழி ஆதாரமாகாது" என்றார். பேனரில் அச்சடித்தால் ஆகுமா என்று கேட்டேன்.

சரி, அச்சில்தானே வேண்டும் என்று ஸ்கேன் செய்து போட்டிருக்கும் பழைய புத்தகங்களில் இறங்கினேன். அந்தக் காலத்துப் புத்தகங்களின் அழகே தனி. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விட்டால் காகிதம் தீர்ந்துவிடும் என்பதுபோல் எல்லாவற்றையும் ஒட்டி அடித்திருப்பார்கள். ஆனால் அச்சிடப் பணம் கொடுத்த பிரபுவைப் புகழும் சாற்றுகவிகளுக்கு மட்டும் பக்கம் பக்கமாகக் காகிதம் இருக்கும். தாமரைக்கு எத்தனை பெயர், யானைக்கு எத்தனை பெயர், பெண்ணின் கூந்தலுக்கு எதையெல்லாம் சொல்லலாம், எல்லாம் கிடைத்தது. ஆற்று வெள்ளத்தைப் பாடியவர்களும் ஏராளம். அந்த வெள்ளத்தை வயலுக்குத் திருப்பிவிட்ட ஒரு மனிதனைத்தான் காணவில்லை. மற்றவர்களைச் சொல்வானேன், எங்கள் ஊர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி வாரியத்தில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று கோயில் சுவரில் விலாவாரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மதகில் இறங்கினவன் யார் என்று நான் படித்த வரையில் ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் கிடைத்தது. பயிர்த்தொழில் பற்றிய ஒரு வசனப் புத்தகம். முகப்பில் ஆண்டைப் பிரபவ, விபவ கணக்கில் பெயரால் மட்டும் போட்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற பெயர். மேற்பார்வையாளர் அதை அறுபது வருஷம் பிந்தியதாக எடுத்துக்கொண்டு, இது தொடக்ககால நூலே அல்ல என்றார். அச்சுக்கூடத்துக்காரர் அதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போனார், ஆவியாக வந்து எழுத்துக் கோத்தாரா என்று கேட்டு அதற்கும் சான்று அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார். "சிறந்த மேற்கோள், வாழ்த்துகள்" என்றுகூட எழுதினார்.

மேற்கோளில் இருந்த விஷயம்தான் வாழ்த்துகிற மாதிரி இல்லை. புத்தகம் எழுதியவருக்கு நிலம் இருந்திருக்கிறது. நீர்க்கட்டி என்பவன் திருடன், தமக்கு வர வேண்டிய தண்ணீரைக் கீழே இருக்கிற வயல்களுக்கு விட்டுவிடுகிறான், நிலம் வைத்திருப்பவர்கள் அவன்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை எடுத்தால் ஆதாரம் போய்விடும், ஆதாரம் போனால் அப்பாவின் வேலை அகராதியிலிருந்து போய்விடும். வைத்தால் உலகம் உள்ளளவும் நீர்க்கட்டிக்குக் கீழே திருடன் என்று இருக்கும். இந்த ஒரு வரிக்காகவா இத்தனை மத்தியானங்களை விட்டேன் என்று இருந்தது.

அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். போனில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். திருடன் என்ற இடத்தில் சுத்தியல் நின்றது.

"யாரு சொன்னது?"

"ஒரு புக்ல போட்டுக்கீது நைனா. பழைய புக்கு."

"அந்தாளு நெலம் எங்க கீது? தலமடையா, கடமடையா?"

"அந்தாளு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆவுது நைனா."

"செத்தா இன்னா? நெலம் கூடவா செத்துப் பூட்ச்சி? மேல படி."

கீழ் வயல்களுக்குத் தண்ணீரை விட்டுவிடுகிறான் என்கிற இடத்தைத் திரும்பப் படித்தேன். அப்பா சிரித்துவிட்டார். பல் போன வாயை முழுசாகத் திறந்து சிரித்தார்.

"தலமடக்காரன்தான். நான் சொல்லல? என்னியும் அப்டித்தான் திட்டிக்கினு இருந்தானுங்க. தலமடக்காரன் திருடன்னு சொன்னாத்தான் கடமடைக்குத் தண்ணி போய்க்கீதுன்னு அர்த்தம். அவன் எய்தனது இருக்கட்டும், இதயும் அதுக்குக் கீய எய்து."

சின்ன வயதில் நான் பார்த்ததுதான். என்னைவிடச் சின்னப் பையன்கள்கூட வரப்பில் நின்று அவரை டேய் போட்டுத் திட்டுவார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மடையை அடைத்துவிட்டுக் கீழே போய்விடுவார். பயந்துகொண்டு போகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே எழுதினேன். புத்தகக்காரரின் மேற்கோளை அப்படியே வைத்து, அதன் கீழே அப்பா சொன்னதையும் அவர் வாயில் வந்தபடியே சேர்த்தேன். மறுநாள் கடை திறந்து பார்த்தால் அப்பாவின் வரி இல்லை. "வாய்மொழி. நீக்கப்பட்டது." திருடன் மட்டும் பத்திரமாக இருந்தான். திட்டினவன் அச்சில் திட்டியிருக்கிறான், அதனால் அது ஆதாரம். திட்டு வாங்கினவன் வாயால் பதில் சொன்னான், அதனால் அது வெறும் பேச்சு. கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். "எய்தினியா?"

"எய்தினேன் நைனா."

"அப்பிடியே கீதா?"

மறுபடி கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அதனால்தான் இதை எழுதினேன். மேற்பார்வையாளர் அவர்களே, என் அப்பா சொன்னது ஓர் எழுத்து மாறாமல் மேலே இருக்கிறது. இது அச்சுப் புத்தகம். தொடக்ககால நூல் ஒன்றைத்தான் முன்பே கொடுத்துவிட்டேனே. ஆண்டு முகப்பில் இருக்கிறது, பக்க எண் இதே தாளில் இருக்கிறது. இனி நீக்கிப் பாருங்கள்.