கோடி வீட்டுக்கு எடுத்து வைத்த தலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் தெளிக்காத, கோலம் போடாத ஒரு வாசல். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், அந்தத் தெருவின் கடைசி வீடு. மீன் விற்கும் மாமாவின் மொபெட்டில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. மாமா வாசலைக் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

மாமாவிடம் மீன் நன்றாக இருக்கும், பேச்சு இருக்காது. “இது நேத்து புடிச்சதா?” என்று யாராவது கேட்டால், “நம்பிக்கை இல்லனா போய்க்கினே இரு” என்பார். பாதிப் பெட்டி மீன் வீட்டுக்கே திரும்பும்.

“உன் வாய வூட்லயே வெச்சிட்டுப் போ” என்றாள் அத்தை. மாமா அதை அப்படியே செய்தார். என் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஏற்றினார். அந்தத் தெருவில் மீன் வாங்கும் ஒவ்வொரு வீட்டையும் நான் முறை சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். “கோடி வூட்டுப் பெரிம்மா, உனுக்குக் கட்லா தலை எட்த்து வெச்சிகீறோம். குண்டான எட்த்துக்கினு வா.” கடைசியில் சிரித்துவிட்டேன். “கெடக்கட்டும், அதுக்குத்தான் வருவாங்க” என்றார் மாமா. வந்தார்கள். அவருடைய பிழைப்பே அந்த ஒரு தெருவை நம்பித்தான் இருந்தது.

அன்றும் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். என் குரல் கோடி வீட்டைக் கூப்பிட்டதும் ஒருத்தி பாத்திரத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“யோவ், நிறுத்துயா அத்த. அந்தம்மா செத்து இன்னும் காரியம்கூட ஆவல.”

மாமா பொத்தானை அழுத்தினார். ஐஸ் தண்ணீர் பட்டுப் பட்டுப் பழுதாகியிருந்த பொத்தான். பதிவு முதலிலிருந்து தொடங்கியது. என் குரல் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே போனது. யாரும் அசையவில்லை. நான் வாயை இறுக்க மூடியிருந்தேன். ஆனாலும் அது பேசியது. மறுபடி கோடி வீட்டுக்கு வந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டது. சிரித்தது.

“இந்தத் தெருப் பக்கம் இனிமே வந்துடாத” என்றாள் பாத்திரத்தை மறைத்தவள்.

அப்போது கோடி வீட்டுக் கதவு திறந்தது. இறந்தவளின் புருஷன் குண்டானோடு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மாமா ஓர் அடி பின்வாங்கினார்.

“தெரியாம பூட்ச்சி நைனா. மன்னிச்சிக்கோ.” மாமா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கிழவர் மாமாவைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“இன்னொரு வாட்டி போடு.”

மாமா போட்டார். கிழவர் சிரிப்பு முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு குண்டானை நீட்டினார். மாமா கட்லா தலையை அதில் வைத்தார். கிழவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு, மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் பாத்திரத்தை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள்.

வழியில் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்: “பாத்தியா மாமா, செத்த வூட்லகூட என் கொரலுக்கு வியாபாரம் ஆயிடுச்சி.” மாமா வண்டியை நிறுத்தினார். ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை மீன் சமைப்பதில்லை.