விருந்துக்கு முன்னால் தின்ற நாலு ரொட்டி

எனக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். விருந்துக்குப் போகுமுன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டால் பலகாரத்தில் கை போகாது என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி, தீபாவளியன்று நாலு ரொட்டியை முடித்துக்கொண்டு, டயகமவில் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டுக்கு மனைவியோடு போனேன்.

சம்பந்தியம்மா ஆட்டுக்கறியோடு சோறு போட்டார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏங்க, எங்க வீட்டுல கை நனைக்கவே யோசிக்கிறீங்க. அப்பறம் எப்படிங்க பொண்ணு குடுப்பீங்க?" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, வீட்டுலயே நாலு ரொட்டிய முழுங்கிட்டு வந்துட்டேங்க!"

"நான் சொல்லச் சொல்லக் கேக்கலைங்க இந்த மனுசன்," என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் தப்பியது. என் எரிச்சல்தான் அடங்கவில்லை: கண்ணெதிரே கறி, வயிற்றில் வெறும் மாவு. இப்போதெல்லாம் வருத்தத்தை முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, பசியோடுதான் போகிறேன்.