மலையில் பெண் பார்த்தார்கள்

அக்காவைப் பெண் பார்க்கச் சதுரகிரி மலைக்கு வரச் சொன்னார்கள். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. ஒத்துவராவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லி இரண்டு வீட்டாரும் மானத்தோடு கிளம்பிவிடலாம். அதற்கு விருதுநகரில் இல்லாத கோயிலா? மாப்பிள்ளையின் அம்மா மலைதான் வேண்டும் என்று நின்றார். "அமாவாசைக்குப் பொண்ணும் ஏறட்டும், நாங்களும் ஏறுறோம். மேல மகாலிங்கத்துக்கு முன்னாடி வச்சே பேசி முடிச்சிருவோம்" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கல்லும் பாறையுமாக நாலு மணி நேரம் ஏறவேண்டிய மலை அது. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணுக்கு நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தம்மா கண்டுபிடித்த வழி. எந்த டாக்டரும் இவ்வளவு நைசாகச் சோதிக்க மாட்டார்.

அக்காவுக்கு இளைப்பு இருந்தது. அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு நாரணாபுரத்தில் மருந்து செலுத்துகிற ரூமுக்குப் போனாள். வெடிக்குள் அடைக்கிற தூளைத்தான் நாங்கள் மருந்து என்போம். அவள் போனதால் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நானும் அதே கம்பெனியில்தான் சேர்ந்தேன், ஆனால் பேக்கிங்கில். தூள் அவள் நெஞ்சுக்குப் போயிற்று, என் நெஞ்சு நன்றாக இருந்தது. முப்பத்தொரு வயதில் அவளுக்கு வந்த இடம் இது. வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு, சொந்த வீடு, தண்ணிப் பழக்கம் இல்லாத மாப்பிள்ளை. இதுவும் தட்டிப்போனால் இனி ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள் என்று எங்கள் ஊர் ஆமத்தூர் முழுக்கத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா வாயில் வைத்து அடிக்கிற பம்ப்பைக் கையில் திணித்தாள். "ஏடி, இத நீ வச்சுக்க. அவுக கண்ணுல மட்டும் பட்டுச்சு, அம்புட்டுதான்." என் தோள்பையில் துண்டுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று விடிந்ததும் தாணிப்பாறையில் போய் இறங்கினோம். மூட்டுவலி என்று அம்மா அடிவாரத்திலேயே தரகரோடு உட்கார்ந்துவிட்டாள். ஏறியது நாலு பேர்: அக்கா, நான், மாப்பிள்ளை, அவர் அம்மா. வாசலில் வனக்காவலர்கள் பையைக் கிளறி, தீப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பம்ப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். நல்லவேளை, அந்தம்மா அப்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வழுக்குப் பாறை தாண்டுவதற்குள்ளேயே அக்காவின் கை என் கைக்குள் சில்லிட்டுவிட்டது. அவளை நிற்க வைக்க நான் பண்ணாத கோமாளித்தனம் இல்லை. காலில் முள் என்றேன். போட்டோ எடுக்கவேண்டும் என்றேன். கோரக்கர் குகை அருகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேவிட்டேன். நான் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அக்கா மரத்தில் சாய்ந்து, யாருக்கும் தெரியாமல் மூச்சை எட்டிப் பிடித்தாள்.

"இளையவளுக்குத் தெம்பு பத்தாது போல" என்றார் அந்தம்மா. எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கிழவி ஒரு தடவை ஏறுவதற்குள் நான் இரண்டு தடவை ஏறி இறங்கிவிடுவேன், என்னைச் சொல்கிறாரா?

மாப்பிள்ளை அக்காவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவளுக்குப் பேச மூச்சில்லை, சிரித்து வைத்தாள். அதனால் அவளுக்குப் பதிலாக நான் பேசினேன். என்ன சமைப்பாள், என்ன படம் பார்ப்பாள் என்று எல்லாவற்றையும் அள்ளிவிட்டேன். அவர் சிரித்தார். சிரித்தால் நன்றாக இருந்தார். போகப்போக அக்காவைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இரட்டை லிங்கம் தாண்டிக் கொஞ்சம் மேலே போயிருப்போம். பக்கத்துச் சரிவில் டம்மென்று வெடித்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. வெட்டவெளிக்கு ஓடு. கூடப்பிறந்தவளே உள்ளே இருந்தாலும் திரும்பிப் பார்க்காதே. எங்கள் ரூம்களுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பதே அதற்காகத்தான். நான் அக்காவின் கையை உதறினேன். ஓடினேன். செங்குத்துப் பாதை, வழியில் உட்கார்ந்திருந்த சாமியாரின் திருவோட்டை மிதித்துத் தள்ளிக்கொண்டு, மேலே ஒரு மொட்டைப் பாறைக்குப் போய்த்தான் நின்றேன். இரண்டாவது வெடியும் கேட்டது.

வழியில் வந்தவர்கள் யாரும் அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஆன வெரட்டுதாகம்மா! அதுக்கா இந்த ஓட்டம்?" என்றார் சுக்குக்காப்பித் தூக்கோடு வந்த ஒருவர். காட்டுக்குள் யானையை விலக்க வனக்காவலர்கள் போட்ட வெடி. ஒருவேளை நாங்களே பேக்கிங் செய்து லோடு ஏற்றிய சரக்கோ என்னவோ.

கீழே பார்த்தேன். அக்காவும் ஓடத்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு எட்டு வைத்ததும் மூச்சு அடைத்துவிட்டது. முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றாள். அந்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தடவிய கை ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே விசில் அடிப்பது கைக்குத் தெரிந்திருக்கும்.

அதுவரை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. உடம்பு ஓடியது, நான் என்ன செய்ய? ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஐந்து நிமிடம் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை மூச்சு வாங்க என்னிடம் ஏறி வந்தார். "யாத்தே, மான் கணக்கா ஓடுறீக!" என்றார். கீழே அக்கா தலையைத் தூக்கி என் பக்கம் கையை நீட்டினாள். பம்ப் கேட்கிறாள். பை என் தோளில் இருந்தது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, அவிழ்ந்த முடியை அள்ளி நிதானமாகக் கொண்டை போட்டேன். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பாவி, சிரிக்கக்கூடச் செய்தேன்.

அப்புறம்தான் இறங்கிப்போய்ப் பம்ப்பைக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒளிக்க என்ன இருந்தது? உதடு நீலம் பாரித்துக் கல்லில் உட்கார்ந்துவிட்ட அக்கா, இரண்டு கையாலும் அதை வாங்கி அடித்தாள்.

"எத்தன வருசமா இருக்கு?" என்றார் அந்தம்மா.

"இப்பத்தான் அத்தே... பனிக்கு..." என்றாள் அக்கா.

"சாமி மலையில நின்னுக்கிட்டுப் பொய் சொல்லாத தாயி." கோபமே இல்லை அவர் குரலில். தன் பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பைய எறங்குங்க. நாங்க கும்பிட்டுட்டு வாறோம்."

சாமியைப் பார்க்காமலே இறங்கினோம். வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கை காட்டுனது ஒனக்குத் தெரியலயா?"

"பயத்துல ஒண்ணுமே தெரியலக்கா."

அவள் தலையாட்டினாள். பதினாலு வருடம் கம்பெனியில் இருந்தவள், அந்த ஓட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? நம்பிவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்து எனக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

எட்டாம் நாள் தரகர் வந்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவுக இளையவளக் கேக்காக. அந்த ஓட்டத்தப் பாத்து அந்தம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு. கல்யாணத்தையும் மலையிலயே வச்சுக்கலாங்காக." அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். நல்ல இடம் என்பதால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "முடிச்சுக் குடுங்கண்ணாச்சி" என்றாள். "கல்யாணத்த மட்டும் கீழ வச்சுக்கச் சொல்லுங்க. எந்தங்கச்சி கல்யாணத்துக்கு நான் நிக்கணும்ல. மேலன்னா என்னால வர முடியாது."

அன்று சாயங்காலம் அந்தம்மா எனக்குப் போன் செய்தார். "சந்நிதியில வச்சுத் தாலி கட்டுறதா ஒரு வேண்டுதல் இருக்கு தாயி. ஒங்க வீட்ல தோதுப்படாதுன்னா கூச்சப்படாமச் சொல்லு, கீழயே முடிச்சுக்குவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அடுப்படியில் அக்கா எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்ட என்னால் முடியாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல அத்தே" என்றேன். "மேலயே வைங்க."