கௌபாய் பரீட்சை

தெற்கு லண்டனில் சட்டனிலிருந்து போகும் பஸ்ஸின் கடைசித் தரிப்பிடத்துக்கும் அப்பால் ஒரு வயல் இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்திருந்த சங்கத்தார் வார நாள்களில் கணக்காளர்கள், பல் வைத்தியர்கள். சனி, ஞாயிறுகளில் அகலத் தொப்பி போட்டு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்காவின் கௌபாய்களாகிவிடுவார்கள். மாடு கிடையாது. இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாததால் குதிரையும் கிடையாது.

நான் அங்கே காவல்காரன். சம்பளத்துக்குப் பதிலாக வயலின் மூலையில் ஒரு மரக்குடில், உள்ளே ஒரு கட்டிலும் மின்சார ஹீட்டரும். இரண்டு வருடத்தில் ஏழு இடம் மாறிப் படுத்தவனுக்கு அது தாராளம்.

வேலை பிடித்துத் தந்தவர் சங்கத்தின் ஷெரீப், அதாவது கௌபாய் பட்டணத்துப் பொலிஸ் தலைவர். யாழ்ப்பாணத்து அண்ணை, குரோய்டனில் வரிக்கணக்குப் பார்ப்பவர். ஆர்ச்வே முருகன் கோயிலில் தொண்டு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, கார் டிக்கியிலிருந்து தகர நட்சத்திரத்தை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பல் வைத்தியர் புகார் கொடுத்தார். என் செம்மஞ்சள் மழைக்கோட்டு அவருடைய நூற்றாண்டைக் கெடுக்கிறதாம். கமிட்டி கூடி ஒரு விதி போட்டது: வயலில் தங்குகிறவரும் பதவியில் இருப்பவர்களும் கௌபாய் காலத்துச் சரித்திரத்தில் பரீட்சை எழுத வேண்டும். தவறினால் நான் குடிலைக் காலி பண்ண வேண்டும்.

அண்ணை எனக்குப் பாடம் எடுத்தார்.

“பயப்பிடாதை தம்பி. நான் நூறு படம் பாத்தவன். அங்க துவக்கில்லாமல் ஒருத்தனும் கக்கூசுக்கும் போகான்.”

“எல்லாரும் சுட்டுக்கொண்டு திரிஞ்சால் மாட்டை ஆர் அண்ணை மேய்ச்சது?”

“உதுதான் உன்ரை பிழை. கேள்வி கேக்க வேண்டியது அவை. நீ பதில் சொல்லு, காணும்.”

பரீட்சை ஞாயிறு காலை, ‘சலூன்’ என்று பெயர் வைத்த, ஆனால் தேநீர் மட்டுமே கிடைக்கும் சாராயக்கடைக் கூடாரத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் துணித்தொப்பி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் என்னை வாய்மொழியாகக் கேட்டார்.

மேற்கே போன சனத்தில் அதிகம் பேரைக் கொன்றது எது? அண்ணை சொல்லித் தந்த செவ்விந்தியர் அம்பு வாயில் வரவில்லை. அகதி முகாமில் பார்த்தது வந்தது. வயிற்றோட்டம் என்றேன். சனம் வண்டியில் ஏறியா போனது? வண்டியில் சாமான் போயிருக்கும், சனம் நடந்திருக்கும். இடம்பெயர்ந்தபோது எங்கள் டிராக்டர் பெட்டியிலும் சாமான்தான் போனது. பட்டணத்துக்குள் போகும் கௌபாய் துவக்கை என்ன செய்தான்? வாசலிலேயே ஒப்படைத்திருப்பான். சோதனைச்சாவடியில் எந்தச் சென்றிக்காரன் துவக்கோடு உள்ளே விடுவான்? மரமில்லாத வெளியில் எதை எரித்தார்கள்? காய்ந்த சாணத்தை.

எல்லாம் சரி. எந்த நூலகத்தில் படித்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். நான் தேநீரைக் குடித்தேன்.

அண்ணை அம்பு, வண்டி, இடுப்பில் துவக்கு என்று எழுதி எல்லாவற்றிலும் தவறினார். நட்சத்திரத்தைக் கழற்றி வாங்கிவிட்டார்கள்.

குடில் எனக்கு உறுதியானது. கமிட்டிக்கு மிகுந்த சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் அடுத்த சனிக்கிழமை பல் வைத்தியர் ஸ்குரூடிரைவரோடு வந்து ஹீட்டரைக் கழற்றினார். இவ்வளவு தெரிந்த மனிதன் முறையாக வாழ வேண்டும் என்றார். பிளக் ஓட்டையை மறைக்க ஒரு பிளாஸ்டிக் எருமை மண்டையோட்டை மாட்டிவிட்டு, ஒரு சாக்கு வறட்டியும் வைத்துவிட்டுப் போனார். லண்டன் நவம்பரில் வறட்டி எரியாது, புகையும்.

மறுநாள் அண்ணை நட்சத்திரம் இல்லாத நெஞ்சோடு வந்தார்.

“வாயாலை கெட்டாய். அம்பு எண்டு சொல்லியிருந்தால் ஹீட்டராவது மிஞ்சியிருக்கும்.”

“குடில் போயிருக்குமே அண்ணை.”

“ஓம், அதுவும் சரிதான்.”

தோளில் தொங்கிய சேணப்பையைத் திறந்து ஒரு மின்சாரப் போர்வையை எடுத்தார். நான் எருமையைக் கொஞ்சம் தூக்க, அவர் பிளக்கைச் செருகினார்.

இப்போது ஞாயிறு காலைகளில் வாசலில் ஒரு வறட்டியைப் புகைய விடுகிறேன். பல் வைத்தியர் படம் எடுத்துக்கொள்கிறார். அண்ணை மறுபரீட்சைக்காக உள்ளே போர்வைக்கடியில் உட்கார்ந்து என்னிடம் பாடம் கேட்கிறார். வயிற்றோட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். துவக்கை மட்டும் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்.